பெரியப்பா பக்கத்து வால்வு

எங்கள் வீட்டுக் கழிவறையில் தண்ணீர் ஒழுகத் தொடங்கிய காலத்தில் அப்பாவும் பெரியப்பாவும் பேசிக்கொள்வதில்லை. இரண்டில் எது முதலில் வந்தது என்று கேட்டால், பேச்சு நின்றதுதான் முதலில். ஒழுக்கு அதற்குப் பிறகு வந்தது. எட்டு வயதில் எனக்கு இரண்டும் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத விஷயங்களாகத்தான் தெரிந்தன. பேச்சு பெரியவர்களின் பிரச்சினை. ஒழுக்கு எல்லோருடைய பிரச்சினை.

மாத்தளையிலிருந்து யட்டவத்தவுக்குப் போகும் பாதையில், நகரம் முடிந்து மிளகுக் கொடிகள் தொடங்கும் இடத்தில் எங்கள் வீடு இருந்தது. வீடு என்று ஒருமையில் சொல்வதா, வீடுகள் என்று பன்மையில் சொல்வதா என்பது இன்றுவரை எனக்குச் சந்தேகம். அப்பாவும் பெரியப்பாவும் சேர்ந்து கட்டியது அது. ஒரே கூரை, நடுவில் ஒரு சுவர். சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் பெரியப்பா. பின்னால் கொங்கிரீட் தூண்களின் மேல் இரண்டு வீட்டுக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தாங்கி. அதிலிருந்து இறங்கும் பெரிய குழாயை மூடித் திறக்கும் வால்வு பெரியப்பாவின் பக்கம் இருந்தது. வீடு கட்டிய மேசன் பாஸ், எந்தப் பக்கம் வைக்கட்டும் என்று கேட்டபோது அண்ணனும் தம்பியும் சிரித்தார்களாம். எந்தப் பக்கம் இருந்தால் என்ன என்று சொன்னார்களாம்.

பெரியப்பாவிடம் ஒரு லொறி இருந்தது. வில்கமுவ பக்கத்துத் தோட்டங்களிலிருந்து மரக்கறி ஏற்றித் தம்புள்ளைச் சந்தையில் இறக்குவார். எந்த நேரம் போவார், எந்த நேரம் வருவார் என்று சொல்ல முடியாது. பெரியம்மா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர்களுடைய ஒரே மகள், என் அக்கா, எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டாள், எங்கள் வீட்டில்தான் படித்தாள். அவளுக்குத் தலை பின்னிவிட்டது என் அம்மா. சைக்கிள் பழக்கியது என் அப்பா. பழக்கும்போது அவள் விழுந்து முழங்கை உடைந்ததற்குப் பெரியாஸ்பத்திரியில் அழுததும் அப்பாதான், அவள் அழவில்லை என்று அம்மா சொல்வார். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அவள் என் சொந்த அக்கா. அவளுக்கு மட்டும் கூடுதலாக இன்னொரு வீடு இருக்கிறது, அவ்வளவுதான்.

அந்த அக்காவால்தான் பேச்சு நின்றது.

ஒருநாள் காலையில் பெரியப்பா தம்புள்ளையிலிருந்து திரும்பி, முகம்கூடக் கழுவாமல் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். அப்பா இடியப்பம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“புள்ளைக்கு மாப்பிள பாத்தாச்சு. சந்தையில கடை வச்சிருக்கவரோட மகன். நல்ல பையன். வாக்கும் குடுத்துட்டேன்” என்றார் பெரியப்பா.

அப்பாவின் கை தட்டிலேயே நின்றது. “வாக்குக் குடுத்துட்டீங்களா? எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு தோணலயா அண்ணே?”

இரவெல்லாம் லொறி ஓட்டிய மனிதர் அவர். கண் சிவந்திருந்தது. “என் புள்ளைக்கு நான் பேசுனா என்னா?” என்று சொல்லிவிட்டார்.

அப்பா எழுந்துபோய்க் கை கழுவினார். இடியப்பம் அப்படியே கிடந்தது. அன்றோடு சரி.

மாப்பிள்ளையைப் பற்றி யாருக்கும் குறை இல்லை. அக்காவுக்கும் சம்மதம். அவள் முகத்தைப் பார்த்தால் சம்மதம் என்ற சொல்கூடக் கொஞ்சம் குறைவு. அப்பா விசாரித்த இடங்களிலும் நல்லதாகத்தான் சொன்னார்கள். அதுவே அவருக்கு இன்னும் கோபத்தைக் கொடுத்தது. குறை இருந்தாலாவது அதைச் சொல்லிக்கொண்டு பெரியப்பாவிடம் போயிருப்பார்.

பேசிக்கொள்வதில்லை என்றேனே தவிர, அவர்கள் ஊமையாக இருக்கவில்லை. அப்பா சொல்ல வேண்டியதை அம்மாவிடம் சொல்வார், சுவருக்கு அந்தப் பக்கம் கேட்கும்படியான குரலில். பெரியப்பாவுக்குச் சொல்லிக்கொள்ள ஆள் இல்லை. அவர் தன்னுடைய லொறியிடம் சொன்னார். லொறி எங்கள் ஜன்னலுக்கு நேராக நிற்கும். “சில பேருக்கு ரோசம் மட்டும் மலையளவு இருக்கு, என்னா?” என்று கேட்டு அதன் முன்பக்கத்தில் ஒரு தட்டுத் தட்டுவார். லொறியும் அவர் பக்கம்தான் என்று எனக்குத் தோன்றும்.

இந்த நிலைமையில்தான் ஒழுக்கு வந்தது.

எங்கள் கழிவறை மிகச் சிறியது. கதவு உள்பக்கமாகத் திறக்கும். கொமட்டுக்குத் தண்ணீர் போகும் குழாய் சுவரிலிருந்து வெளியே வந்து, ஒரு சின்னத் திருகு குழாயில் முடியும். அந்தச் சின்னக் குழாய் சரியாகக் கதவுக்குப் பின்னால் இருந்தது. அதைத் தொட வேண்டுமானால் உள்ளே போய், கதவைச் சாத்தி, கொமட்டுக்கும் சுவருக்கும் நடுவில் குந்த வேண்டும். சின்னக் குழாய் சுவர்க் குழாயோடு சேரும் பொருத்தில்தான் ஒழுகியது. முதலில் ஒரு சொட்டு. யோசித்து யோசித்து விழும் சொட்டு. அம்மா ஒரு ஐஸ்கிரீம் டப்பாவை அடியில் வைத்தார். உள்ளே போகிறவர் யாராக இருந்தாலும் டப்பாவை வாளியில் ஊற்றிவிட்டு வெளியே வர வேண்டும் என்பது வீட்டுச் சட்டமாயிற்று. நாலைந்து நாட்களில் சொட்டு நூலானது.

அப்பா மிளகும் ஏலக்காயும் வாங்கி விற்கும் ஒரு கடையில் மேற்பார்வை பார்த்தவர். ஆனால் அவருடைய உண்மையான நம்பிக்கை தன் கைகளின் மேல்தான். உலகத்தில் மனிதன் பூட்டிய எதையும் இன்னொரு மனிதனால் கழற்றிப் பூட்ட முடியும் என்பார். எங்கள் வீட்டு இஸ்திரிப் பெட்டி, மின்விசிறி, சுவர்க் கடிகாரம் எல்லாம் அவர் கழற்றிப் பூட்டியவை. அவற்றில் பெரும்பாலானவை ஓடின.

“இது ஒரு வேலயா?” என்று சொல்லிக்கொண்டு ஒரு மாலை உள்ளே போனார். பழைய சைக்கிள் டியூபை நாடாவாக வெட்டி, பொருத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். ஒழுக்கு நின்றது. இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு டியூபுக்கு அடியிலிருந்து மறுபடியும் வந்தது. அடுத்த நாள் ஹாட்வெயார் கடையில் ஒரு பசை வாங்கி வந்து அப்பினார். ஈரத்தில் பசை ஒட்டவில்லை. அப்பாவின் விரல்களில் நன்றாக ஒட்டியது.

“மெயின் வால்வ மூடிட்டு, கழட்டி, வெள்ள டேப் சுத்திப் பூட்டணும்னு கடக்காரரே சொல்லியிருப்பாரே” என்றார் அம்மா.

“சொன்னாரு.”

“அப்ப மூட வேண்டியதுதானே?”

“வால்வு எங்க இருக்கு?”

“மாமா பக்கம்.” அம்மா பெரியப்பாவை மாமா என்றுதான் சொல்வார்.

“அப்ப விடு” என்றார் அப்பா.

அக்கா அந்தப் பக்கத்தில்தானே இருக்கிறாள், அவள் மூடக்கூடாதா என்று நான் கேட்டேன். மூட முடியாது. பல வருடங்களாக யாரும் தொடாததால் அந்த வால்வு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. சுற்றும் கைப்பிடியும் உடைந்து போயிருந்தது. பெரியப்பா தன் லொறியில் வைத்திருக்கும் பெரிய குழாய்ச் சாவியைப் போட்டு, தானே தம் பிடித்துத் திருப்பினால்தான் உண்டு.

இதற்கிடையில் ஈரம் சுவரைக் கடந்தது. எங்கள் கழிவறைச் சுவரின் மறுபக்கம் பெரியப்பா வீட்டு ஹோல். கல்யாணத்துக்காக அதற்கு அப்போதுதான் இளம் பச்சையில் பெயின்ட் அடித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் வந்து உட்காரும் நாற்காலிகளுக்கு நேர் பின்னால், ஒரு பூசணிக்காய் அளவில் கறுப்பாக ஈரம் ஊறி, பெயின்ட் கொப்பளித்தது.

பெரியப்பா லொறியிடம் போனார். “பெயின்ட் காயல, அதுக்குள்ள சுவரு அழுகுது. கேக்க நாதி இல்ல பாரு!”

அப்பா அம்மாவிடம் திரும்பினார். “மூடச் சொல்லி நான் யார்கிட்டயும் போய் நிக்க மாட்டேன்னு சொல்லு!”

“யார்கிட்டச் சொல்ல?” என்றார் அம்மா, தேங்காய் துருவிக்கொண்டே. “லொறிகிட்டயா?”

கடவுள் அப்பாவின் பக்கம் இருப்பதாக நாங்கள் எல்லோரும் நம்பும்படி ஒன்று நடந்தது. பாதையோரம் குழாய் வேலை செய்கிறார்கள் என்று நகரத்துத் தண்ணீர் வருவது நின்றது. எங்கள் தாங்கி மெல்லமெல்ல வற்றி, ஒரு காலையில் ஒரு சொட்டும் இல்லாமல் காய்ந்தது. பல் விளக்கத் தண்ணீர் இல்லாமல் ஊரே புலம்பிக்கொண்டிருந்தபோது அப்பா மட்டும் சந்தோஷமாக ஸ்பெனரை எடுத்தார். வால்வை மூடும் அவசியமே இல்லை! உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். பசையைச் சுரண்டினார், சின்னக் குழாயைக் கழற்றினார், பழைய டேப்பை உரித்தார், புதிய டேப்பை அழகாகச் சுற்றிப் பூட்டினார். எல்லாம் ஒரு பழைய பாட்டை முணுமுணுத்தபடி. வெளியே வந்தபோது சட்டையெல்லாம் துருவும் முகமெல்லாம் சிரிப்புமாக இருந்தார்.

தண்ணீர் திரும்ப வந்த நாளில் நாங்கள் மூவரும் கழிவறை வாசலில் காத்திருந்தோம். குழாய் ஒருமுறை இருமியது. அப்பா குனிந்து, பொருத்தை விரலால் தடவி, விரலை எங்களிடம் காட்டினார். காய்ந்த விரல்.

“யார் தயவும் இல்லாம!” என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

கொஞ்ச நாளில் அந்தப் பக்கத்து ஈரமும் உலர்ந்தது. ஒரு மாலை பெரியப்பா லொறியின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அதனிடம் சொன்னார்: “பரவால்ல. சின்னதுலருந்தே அவனுக்கு நல்ல கை.” ஜன்னலுக்கு இந்தப் பக்கம் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அப்பா, பத்திரிகையை முகத்துக்கு மேலே தூக்கிக்கொண்டார். நான் கீழே தரையில் இருந்தேன். எனக்கு அவர் சிரிப்பது தெரிந்தது. பிறகு ஏன் எழுந்துபோய்ப் பேசவில்லை என்றுதான் தெரியவில்லை.

கல்யாணம் நெருங்கியது. அக்காவின் அழுகையும் தொடங்கியது.

அவள் முதலில் அப்பாவிடம் வந்தாள். “சித்தப்பா, நீங்க இல்லாம நான் மணவறையில எப்படி ஒக்காருவேன்?”

“நான் வரமாட்டேன்னு எப்பம்மா சொன்னேன்? எங்கண்ணன் இந்த வாசப்படி ஏறி வந்து, வாடான்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். முன்னாடி நடந்து போறேன்.”

அவள் அந்தப் பக்கம் போனாள். அங்கே பெரியப்பா சொன்னது எங்களுக்கும் கேட்டது. “கூடப் பொறந்தவன யாராவது வெத்தல வச்சு அழைப்பாங்களா? அவன் வீட்டுக் கல்யாணம். அவனாத்தான் வரணும். நான் போய்க் கூப்பிட்டா அவன விருந்தாளி ஆக்குன மாதிரி ஆயிரும்.”

இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் இருந்தது. அதுதான் அக்காவுக்குக் கஷ்டமாகப் போயிற்று. ஒருவர் சொல்வது தப்பாக இருந்தால் அவரோடு சண்டை போட்டிருப்பாள். இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பல தடவை நடந்தாள். எங்கள் சமையலறையில் உட்கார்ந்து அம்மாவின் மடியில் முகத்தை வைத்து அழுதாள். அம்மா அவள் முதுகைத் தடவிக்கொண்டே யோசித்தார். இருவரும் மெதுவாக ஏதோ பேசினார்கள். நான் போனதும் பேச்சை நிறுத்திவிட்டு எனக்கு நெல்லி க்ரஷ் கரைத்துக் கொடுத்தார்கள். கல்யாண விருந்தினருக்காக வாங்கி வைத்த போத்தல் அது. எனக்கு அந்தக் காலம் முழுவதும் மிகவும் பிடித்திருந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தாள். தோளில் ஒரு துவாய். துவாய்க்குள் அப்பாவின் ஸ்பெனர் இருந்தது. பிடியின் நுனி வெளியே தெரிந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். உள்ளே டொக், டொக் என்று சத்தம். அப்பா முன் அறையில் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். அம்மா என்றைக்கும் இல்லாத சத்தத்தில் ரேடியோவைத் திருகிவிட்டு, அதோடு சேர்ந்து பாடவும் செய்தார். ஸ்பெனரை எடுத்துக்கொண்டு கழிவறைக்குப் போகிற ஒருத்தி என்ன செய்வாள் என்று நான் யோசிக்கவே இல்லை. என் வயிற்றில் இரண்டு கோப்பை நெல்லி க்ரஷ் இருந்தது. அவள் சீக்கிரம் வெளியே வந்தால் போதும் என்றுதான் நினைத்தேன்.

பல வருடங்களுக்குப் பிறகு தம்புள்ளையில் அவள் வீட்டில் வைத்து அக்காவே எனக்கு இதைச் சொன்னாள். “கொஞ்சம் சொட்டுனாப் போதும்னுதான்டி நானும் சித்தியும் நெனச்சோம். சித்தப்பா கூப்பிடாட்டியும், ஈரத்தப் பாத்துட்டு அப்பா கத்திக்கிட்டாவது வருவாருன்னு. ஆனா சித்தப்பா பூட்டுன பூட்டு அப்படி! அசையவே இல்ல. பல்லக் கடிச்சு ஒரு இழு இழுத்தேன். மொத்தமா கையோட வந்துருச்சு.”

அன்று நான் பார்த்தது இதுதான். கழிவறைக்குள் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சீறல். கதவைத் திறந்துகொண்டு அக்கா தலை முதல் கால் வரை நனைந்து ஓடி வந்தாள். “சித்தப்பா! பைப்பு!” என்று கத்திவிட்டு, நிற்காமல் பின் வாசல் வழியாக அவள் பக்கத்துக்கே ஓடிப்போனாள்.

அப்பா பத்திரிகையை எறிந்துவிட்டுப் பாய்ந்தார். குழாய் கதவுக்குப் பின்னால் அல்லவா? உள்ளே போய்க் கதவைச் சாத்தினால்தான் அவருக்கு அதைப் பிடிக்க முடியும். சாத்தினார். சீறல் கம்மியது. உள்ளங்கையால் பொத்திப் பிடித்திருக்கிறார் என்று வெளியிலிருந்தே தெரிந்தது.

“தண்ணிய மூடச் சொல்லு! கைய எடுக்க முடியல!”

பின்பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வந்தது. “இறுகிக் கிடக்கு சித்தப்பா! எனக்குத் திருப்ப முடியல! அப்பாவாலதான் முடியும்!” அது உண்மைதான்.

“அப்ப அவர மூடச் சொல்லு!” என்று அப்பா அம்மாவிடம் கத்தினார்.

அம்மா கதவுக்கு அருகே வந்து, கதவில் வாயை வைத்துச் சொன்னார்: “நீங்களே கூப்பிடுங்க. எனக்குத் தொண்ட சரியில்ல.”

“இப்பதானேம்மா பாட்டுப் பாடுனீங்க?” என்றேன் நான். அம்மா என் தோளில் கிள்ளினார். எதற்கு என்று எனக்கு விளங்கவில்லை. உண்மையைத்தானே சொன்னேன்.

உள்ளே தண்ணீர் அப்பாவின் விரல் இடுக்குகள் வழியாக நாலா பக்கமும் அடித்துக்கொண்டிருந்தது. கதவின் அடியிலிருந்து ஒரு வெள்ளம் வந்து எங்கள் கால்களை நனைத்தது. ஜன்னல் வழியே பெரியப்பா தெரிந்தார். லொறியைக் கழுவிக்கொண்டிருந்தவர், கையில் துணியோடு, எங்கள் சுவரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். எல்லாம் அவருக்குக் கேட்டிருக்கும். ஆனால் ஒரு எட்டும் வைக்கவில்லை. துணியிலிருந்து தண்ணீர் அவர் காலில் வடிந்தது. அவர் முகத்தில் கோபம் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர் பாதையின் திருப்பத்தைப் பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூடச் சொன்னேனே!” என்று அப்பா இன்னொரு முறை கத்தினார். ரேடியோவையும் அம்மா நிறுத்திவிட்டிருந்தார். தண்ணீர்ச் சத்தம் மட்டும்தான்.

பிறகு அது வந்தது.

“அண்ணே!”

அப்படி ஒரு குரலை நான் அப்பாவிடம் அதற்கு முன் கேட்டதில்லை. அது எங்கள் வீட்டுக்குப் பொறுப்பான மனிதரின் குரல் அல்ல. கிணற்றில் விழுந்த ஒரு பையனின் குரல்.

பெரியப்பாவின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது. சாரத்தை மடித்துக் கட்டியபடியே லொறிக்குள் கையை விட்டுக் குழாய்ச் சாவியை உருவினார். அந்தக் கனத்த மனிதர் அவ்வளவு வேகமாக ஓடுவார் என்று நான் நினைத்திருக்கவில்லை. தாங்கிக்கு அடியில் இரும்பு கிறீச்சிட்டது. அவர் தம் பிடிக்கும் சத்தம் கேட்டது. சீறல் குறைந்து, முணுமுணுத்து, நின்றது.

அதே ஓட்டத்தில் எங்கள் பின் வாசல் வழியாக உள்ளே வந்தார். அம்மாவிடம் “எங்க?” என்று மட்டும் கேட்டார். அந்த வீட்டின் செங்கல்லை அவரே சுமந்தவர். கழிவறை எங்கே என்று அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அம்மா கையைக் காட்டினார். பெரியப்பா கதவைத் தள்ளினார். அது அப்பாவின் முதுகில் இடித்து நின்றது.

“கொஞ்சம் அங்குட்டுப் போடா.”

“எங்குட்டுப் போறது? சுவத்துக்குள்ளயா?”

மாதக் கணக்கில் பேசாத இருவரும் முதலில் பேசிக்கொண்டது இதுதான்.

எப்படியோ பெரியப்பா உள்ளே நுழைந்துவிட்டார். வேலை செய்வதென்றால் கதவைச் சாத்தியாக வேண்டும். சாத்தினார்கள். ஒரு ஆள் குந்தவே இடமில்லாத அந்த அறைக்குள் இரண்டு பெரிய மனிதர்கள். ஒருவர் கொமட்டின் மேல் ஏறி உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது என் கணிப்பு.

“டேப்ப குடு.”

“ஒங்க காலுக்குக் கீழ கெடக்கு.”

“நீதான் சுத்துனியா இத?”

“ஆமா. ஏன்?”

“நல்லாத்தான் சுத்தியிருக்க. அப்புறம் எப்படிக் கழண்டுச்சு?”

“அதான் எனக்கும் வெளங்கல.”

“பிடி. ஆட்டாத.”

“ஆட்டல. ஒங்க கைதான் ஆடுது.”

கொஞ்ச நேரம் இரும்பு இரும்பில் உரசும் சத்தம். பிறகு பெரியப்பா, “ம், போதும், இறுகிருச்சு” என்றார். சாவியைத் தரையில் வைக்கும் சத்தமும் கேட்டது.

வேலை முடிந்துவிட்டது என்று எனக்கு நன்றாகத் தெரிந்தது. நெல்லி க்ரஷ் தாங்க முடியாத நிலைக்கு வந்திருந்தது. நான் ஒற்றைக் காலில் நின்றேன். இனிக் கதவு திறக்கும், இருவரும் வெளியே வருவார்கள், நான் உள்ளே போகலாம்.

கதவு திறக்கவில்லை.

“வால்வு இளகிருச்சு. சாவியத் தாங்க, தண்ணிய தொறந்து விடவா, அப்பா?” என்று பின்பக்கத்திலிருந்து அக்கா கேட்டாள். “சித்தப்பா? தொறக்கவா?” என்றாள். அதற்கும் கதவு திறக்கவில்லை.

பிறகு நடந்தவற்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கல்யாணம் மாத்தளையில்தான் நடந்தது. அப்பா எல்லோருக்கும் முன்னால் மண்டபத்துக்குப் போய், பந்திக்கு ஆள் போதவில்லை என்று பெரியப்பாவையே சத்தம் போட்டார். பெரியப்பா அதைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். தாரை வார்க்கும் நேரத்தில் பெரியம்மா இருந்திருக்க வேண்டிய இடத்தில் யார் நிற்பது என்று ஐயர் கேட்டபோது, பெரியப்பா என் அம்மாவையும் அப்பாவையும் கை காட்டிவிட்டுத் தான் ஓரமாக நின்றார். அப்பா அவர் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் இழுத்து நிறுத்திக்கொண்டார். அக்கா மணவறையில் சிரித்ததும் அழுததும் எது எப்போது என்று பிரிக்க முடியாமல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் பச்சைச் சுவருக்கு முன்னால் உட்கார்ந்து நெல்லி க்ரஷ் குடித்தார்கள். மிச்சம் இருந்ததைத்தான். கழிவறையில் அதன் பிறகு ஒருநாளும் ஒழுகவில்லை. தன்னுடைய டேப்தான் காரணம் என்று அப்பா இன்றுவரை சொல்கிறார். தன்னுடைய சாவிதான் என்று பெரியப்பா சொல்கிறார். இரண்டு பேரும் இதை ஒரே மேசையில் உட்கார்ந்து சொல்கிறார்கள்.

ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்கு இது எதுவும் தெரியாது. நான் அறிந்ததெல்லாம் சாத்திய கதவு ஒன்றுதான். அம்மா என்னருகில் நின்றார். அவரும் தட்டவில்லை, கூப்பிடவில்லை. சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே மெதுவான பேச்சு. முதலில் பெரியப்பாவின் குரல், நீளமாக. பிறகு அப்பாவின் குரல், ஒரு சொல்லோ இரண்டோ. பிறகு அப்பா மூக்கைச் சிந்தினார். நனைந்ததில் அவருக்குச் சளி பிடித்துவிட்டது என்று நான் முடிவு செய்தேன்.

என்னால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை. இரண்டு கையாலும் கதவைத் தட்டினேன்.

“அப்பா! இன்னும் ஒழுகுதா?”

உள்ளே யாரோ மறுபடியும் மூக்கைச் சிந்தும் சத்தம் கேட்டது. பிறகு பெரியப்பா பேசினார். அவருக்கும் சளி பிடித்திருந்தது.

“ஆமாம்மா. இன்னும் கொஞ்சம் ஒழுகுது. நீ நம்ம வீட்டுக்குப் போயிட்டு வா.”

நான் குனிந்து கதவின் அடியைப் பார்த்தேன். வெள்ளம் வடிந்து போயிருந்தது. புதிதாக ஒரு சொட்டும் வரவில்லை. வால்வை அவரே கை வலிக்கத் திருப்பி மூடியதை நான் காதால் கேட்டிருந்தேன். அக்கா இன்னும் திறக்கவும் இல்லை. அவ்வளவு பெரிய லொறியை ஓட்டுகிறவர், வீட்டையே கட்டியவர், மூடிய குழாயில் தண்ணீர் வராது என்பதுகூடத் தெரியாமல் இருக்கிறாரே என்று எனக்கு ஒரே ஆச்சரியம். கூடவே இருக்கும் அப்பாவாவது எடுத்துச் சொல்லியிருக்கலாம். அவரும் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் குழாய் வேலை சரியாகத் தெரியாது என்ற முடிவோடு, கால்களை இறுக்கிக்கொண்டு நான் பெரியப்பா வீட்டை நோக்கி ஓடினேன்.